கிளிங்கான் அகராதியில் விலங்கு தேடுவோர்க்கு

'ஸ்டார் டிரெக்' என்ற அறிவியல் புனைகதைத் திரைப்படங்களிலும் தொடர்களிலும் வரும் கிளிங்கான் என்ற வேற்றுக்கோள் இனத்தாருக்காக மொழியியலாளர் மார்க் ஒக்ராண்ட் உருவாக்கிய மொழிக்கு அவரே எழுதிய 'கிளிங்கான் அகராதி' முதலில் 1985இல் வெளிவந்தது. பின்னிணைப்புடன் கூடிய திருத்திய பதிப்பு 1992இல் வந்தது. இலக்கணத்தையும் இருவழிச் சொற்பட்டியலையும் அடக்கிய இச்சிறு நூலை, ஸ்டார் டிரெக் விலங்குகளின் பெயர்களை அறிவதற்காகவே வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விலங்கு என்பதற்கும் இறைச்சி என்பதற்கும் இம்மொழியில் 'ஹாʼடிபாஹ்' என்ற ஒரே சொல்தான். ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அதுவே வசையாகிவிடும். வேட்டையாடி உண்ணும் போர்க்குலம் ஒன்றுக்காகப் புனையப்பட்ட மொழியில், விலங்குகள் காட்டில் திரிவதைவிடத் தட்டில் கிடப்பதே அதிகம் என்பதை இந்த ஒரு பதிவே உணர்த்திவிடுகிறது. பாம்பு, புழு இரண்டையும் குறிக்கும் சொல் தனியே இருக்க, உயிரோடு நெளிய நெளிய உண்ணப்படும் புழுவுக்கு 'காக்' என்று வேறொரு சொல் உண்டு. ரோமன் எழுத்தில் எழுதப்படும் இம்மொழியில் அதன் முதலெழுத்தான சிறிய க்யூவைப் (q) பெரிய க்யூவாக்கி (Q), தொண்டையின் அடியிலிருந்து உரசி ஒலித்தால் 'பிழை' என்று பொருள்படும். உணவு கேட்கப் போகிறவர் இதைக் கவனிக்க வேண்டும்!

மீனுக்குரிய 'கோட்டிʼ' என்ற சொல், ஆங்கில எழுத்துக்கூட்டலின் குளறுபடியைக் கேலிசெய்ய, ஃபிஷ் என்பதை 'ghoti' என்று விபரீதமாக எழுதிக்காட்டும் பழைய வேடிக்கையிலிருந்து எடுக்கப்பட்டது. (நெல்லைத் தமிழில் இதற்குப் 'பைத்தியம்' என்ற பொருள் இருப்பதை ஒக்ராண்ட் அறிந்திருக்க மாட்டார்.)

இலக்கணப் பகுதியில் தமிழருக்குப் பழகிய ஒன்று காத்திருக்கிறது. மொழி பேசும் உயிர்களுக்குப் பன்மை விகுதி 'புʼ'. பேசாத விலங்குகளுக்கும் பொருள்களுக்கும் 'மெய்'. உயர்திணை, அஃறிணை என்று படித்து வளர்ந்தவர்களுக்கு, டிரிபிள் எனப்படும் மயிர்ப்பந்து உயிரிகள் பல சேர்ந்தால் 'யிஹ்மெய்' ஆவதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பறவையைக் குறிக்கும் 'போʼடெக்' என்பதில் உள்ள டகரமும் நாவை மடித்து ஒலிப்பதே ஆதலால் நமக்கு எளிது.

குறை என்னவென்றால், சில பதிவுகளில் 'ஒருவகை விலங்கு' என்பதற்கு மேல் ஒரு சொல்கூட இல்லை. நம் பழைய அகராதிகள் அரிய மரங்களை 'ஒரு மரம்' என்று சொல்லி முடித்துக்கொள்வது போன்றதுதான் இதுவும். ஆனால் அம்மரங்களை எங்கேனும் தேடிப் பார்க்கலாம், கற்பனை விலங்குக்குக் கால் எத்தனை என்பதை ஆசிரியர்தானே சொல்ல வேண்டும்?

பின்னிணைப்பின் சொற்களை முதற்பட்டியலோடு கலக்காமல் கடைசியில் தனியே வைத்திருப்பதும் தொல்லையே. முதற்பதிப்புக்குப் பின், 1987இல், ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரில் வோர்ஃப் என்ற கிளிங்கான் பாத்திரத்தின் இளம்பருவ வளர்ப்பு விலங்காகத் தோன்றிய பன்றி போன்ற 'டார்க்'கை முன்பகுதியில் தேடிச் சலித்தவர்கள், நூலை மூடிவிடாமல் பின்பக்கங்களையும் புரட்ட வேண்டும். சமையல், உணவு வழக்கங்கள் பற்றி விரிவாக வேண்டுவோர் இதே ஆசிரியர் 1997இல் எழுதிய பயணியர் கையேட்டையும் சேர்த்து வாங்குவது நல்லது.