மெஷினைக் குறை சொல்ல மாட்டேன், மோட்டாரைச் சொல்வேன்

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பெண் போன வாரம் கேட்டாள்: "அக்கா, மோட்டார் விலை குறைஞ்சிருக்கு. உங்களை மாதிரி நானும் கருப்புத் தையல் மெஷின் வாங்கி மோட்டார் மாட்டிக்கட்டுமா? பை தைக்கப் பழகணும்." அன்றைக்கு என் மெஷின் மெக்கானிக்கிடம் கிடந்தது. அந்தக் கோபத்தில் பதில் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மெஷின் வந்துவிட்டது, கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது காய்கறி வாங்க இரண்டு துணிப்பை தைத்தேன். அதுதான் தொடக்கம். அப்புறம் பழைய ஜீன்ஸில் தோள்பை, 25 கிலோ அரிசிச் சாக்கில் மார்க்கெட் பை, ஃப்ளெக்ஸ் பேனரில் மழைக்கு நனையாத சைக்கிள் பை என்று வளர்ந்தது. மெஷின் அம்மாவுடையது. நேர்த்தையல் மட்டும்தான் போடும், ஆனால் அந்தத் தையலின் அழகே தனி. எண்ணெய் விட்டு, துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் சேரும் பஞ்சைத் துடைத்து வைத்தால் வேறு எதுவும் கேட்காது. மோட்டார் மாட்டி நாலு வருடம் ஆகிறது.

நீளமான தையலுக்கு மோட்டார் சுகம்தான், மறுக்கவில்லை. ஓரம் மடித்து அடிப்பது, லைனிங் சேர்ப்பது எல்லாம் பாதி நேரத்தில் முடிகிறது. ஆனால் பையின் உயிர் நீளத் தையலில் இல்லை. வார் வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. அங்கே ஜீன்ஸ் இரண்டு மடிப்பு, நாடா இரண்டு மடிப்பு, லைனிங், அதற்கு மேல் ஓரத்துக்குப் பிடிக்கும் பைப்பிங். பெட்டி மாதிரி சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்கே இரண்டு தையல் அடித்தால்தான் பாரம் தாங்கும்.

அந்த இடத்தில்தான் இந்த மோட்டார் என்னைப் படுத்துகிறது. மெதுவாகத் தைக்கலாம் என்று மோட்டாரின் மிதியைக் கொஞ்சமாக அழுத்தினால் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு நிற்கும். வேகத்தைக் குறைக்க அந்த மிதி கரண்டைக் குறைக்கிறது, கரண்டோடு சேர்ந்து இழுவையும் போய்விடுகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒரே பாய்ச்சலில் ஏழெட்டுத் தையல் ஓடிவிடும். எது வேண்டுமோ அது மட்டும், மெதுவாகவும் பலமாகவும் ஒரு தையல், அதனால் முடியாது. தையல் கம்பெனிகளில் இருக்கும் சர்வோ மோட்டாருக்கு அது முடியும். அதை வைக்க என் வீட்டில் இடமில்லை.

போன மாதம் அப்படிப் பாய்ந்ததில் 16-ம் நம்பர் ஊசி வளைந்து, அடியில் பாபினைச் சுற்றி ஓடும் ஷட்டிலில் போய் இடித்தது. ஊசி உடைந்ததோடு விட்டால் பரவாயில்லை. அதற்கப்புறம் புது ஊசி போட்டாலும் தையல் விட்டு விட்டு விழுந்தது. ஊசி அடிவரை போய் லேசாக மேலே எழும்போது நூல் ஒரு வளையமாகப் பிரியும். ஷட்டிலின் முனை அந்த நேரத்தில் வந்து வளையத்தைக் கொத்திக்கொண்டு போனால்தான் தையல். முனையில் பிசிர் விழுந்தால் கொத்தாது. மெக்கானிக் கையில் எடுத்துப் பார்த்ததுமே, "தடிப்புல மிதிச்சே ஓட்டுனீங்களாம்மா?" என்றார். முனையைத் தேய்த்துச் சரிசெய்து, ஊசிக் கம்பியின் உயரத்தையும் மாற்றிக் கொடுத்தார். சகோதரன் மகளின் ஸ்கூல் பை மூன்று வாரம் ஒற்றை வாரோடு கிடந்தது.

இப்போது தடிப்பு வந்தால் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன். மடிப்பை முதலிலேயே சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, ஊசியை இன்னும் தடித்த 18-க்கு மாற்றி, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் மேடேறும்போது சாயாமல் இருக்கப் பின்னால் ஜீன்ஸ் துண்டு ஒன்றை மடித்துக் கொடுத்து, வலது கையால் சக்கரத்தைச் சுற்றுகிறேன். ஊசி இறங்குவது கையிலேயே தெரியும். அத்தனை மடிப்பையும் துளைத்துக்கொண்டு அமைதியாக இறங்கும். இந்த மெஷினிடம் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் இதுதான்.

மிதி மெஷினாக இருந்தபோது இதையெல்லாம் அம்மா காலாலேயே செய்தார். ஒரு தையல் வேண்டுமென்றால் ஒரு தையல், பாதி வேண்டுமென்றால் பாதி. இரண்டு கையும் துணியில் இருக்கும். மோட்டார் மாட்டிக் கொடுத்தவர் "இனி ஸ்டாண்டு எதுக்கு, இடத்தைத்தான் அடைக்கும்" என்று சொல்லி, வார்ப்பிரும்பு ஸ்டாண்டை எடைக்கு எடுத்துக்கொண்டு போனார். நானும் சம்மதித்தேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

அதனால் தங்கச்சி, நான் இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன், மோட்டார் வேண்டாம். மெஷினும் இப்போதைக்கு வேண்டாம். ஸ்டாண்டோடு பழைய மிதி மெஷின் எங்காவது வருகிறதா என்று பார். வந்தால் முதலில் எனக்குச் சொல். அந்த ஸ்டாண்டில் என் மெஷின் உட்காருமா என்று அளந்து பார்த்துவிட்டு அப்புறம் உனக்குத் தருகிறேன்.