கொக்குவிலில் ஒரு முன்னறை வரிச் சேவை

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பின்னேரம் கோயில் பரிபாலன சபையிலிருந்து ஒருவர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வந்தார். வழக்கமாக ஆயிரம் ரூபாவோடு திரும்பிப் போகிறவர், அன்று ஒரு முழுத் திருவிழா உபயத்தையே என் தலையில் கட்டப் பார்த்தார். "ரீச்சருக்குத்தான் வட்டிக்காசு வருகிறதே" என்றார். என் வட்டிக்காசு எனக்கும் வங்கிக்கும் இறைவரித் திணைக்களத்துக்கும் தெரியும். நாலாவது ஆள் யார்? அதற்கு மூன்று கிழமைக்கு முன் என் வரிப் படிவத்தை நிரப்பித் தந்த கொமினிகேஷன் கடைதான் நினைவுக்கு வந்தது. நிரூபிக்க வழியில்லை, அதனால் கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

அங்கே நடந்தது இதுதான். அடையாள அட்டையையும் வங்கி தந்த வரிக் கழிப்புச் சான்றிதழையும் கடைத் தம்பி போட்டோக்கொப்பி எடுத்து, ஒரு பிரதியைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டான். "மின்னஞ்சல் இருக்கிறதா ரீச்சர்?" என்றான். இல்லை என்றேன். கடையின் முகவரியைப் பதிந்தான். கடவுச்சொல்லாக என் பிறந்த திகதியைப் போட்டான். அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அடையாள அட்டை இலக்கமே சொல்லிவிட்டது. முதலில் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500. 545 என்று இருந்தால் பெப்ரவரி 14இல் பிறந்த பெண். முப்பது வருடம் கணிதம் படிப்பித்த எனக்கு இது அன்றுவரை உறைக்கவில்லை என்பதுதான் வெட்கம்.

வங்கிச் சான்றிதழ் இன்னும் மோசம். அப்போது வட்டியில் 5 வீதம் கழித்தார்கள். கழித்த வரி 10,000 ரூபா என்றால் வட்டி 2 இலட்சம். வட்டி வீதம் வங்கியின் கண்ணாடிக் கதவிலேயே ஒட்டியிருக்கும். முதல் எவ்வளவு என்று கண்டுபிடிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளை போதும். இணையத் திருடர்கள் எங்கோ தூர தேசத்தில் இருப்பதாக என் மகன் கனடாவிலிருந்து பயமுறுத்துவான். எனக்கு என் ஒழுங்கையில் இருப்பவர்களைப் பற்றித்தான் பயம்.

அடுத்த வருடம் கணக்கைத் திறக்கப் பார்த்தால் எந்தச் செய்தியும் கடைக்குத்தான் போகிறது. திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு நேரே போய், என் பெயரில் புதிதாகத் தொடங்கிய மின்னஞ்சலையும் என் தொலைபேசி இலக்கத்தையும் பதிவித்தேன். அரை நாள் போனது.

அதன் பிறகுதான் இந்த முன்னறைக்குப் போனேன். வணிகப் பட்டதாரியான ஒரு பிள்ளை தன் வீட்டு முன்னறையில் நடத்துகிறாள். பலகை கூட இல்லை. முதல் நாளே எனக்குப் பிடித்துப்போனது ஒரு சின்ன விடயம்: கடவுச்சொல் அடிக்கும் நேரம் வந்ததும் விசைப்பலகையை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். நான் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்து முடிக்கும்வரை திரும்பவே இல்லை. ஜன்னல் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது என்று பிறகு கவனித்தேன்.

அடையாள அட்டைப் பிரதியின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, "வரிப் படிவத்துக்கு மட்டும்" என்று திகதியோடு எழுதச் சொன்னாள். ஸ்கேன் செய்தவற்றை நான் கொண்டுபோன பென் டிரைவில் போட்டுவிட்டுத் தன் கணினியிலிருந்து என் கண் முன்னே அழித்தாள். குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கினாள். வெளியேறும் பொத்தானை நானே அழுத்த வேண்டும் என்றாள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "சட்டம் இருக்கிறது ரீச்சர், ஆனால் தாளை நீங்கள்தான் கையோடு கொண்டுபோக வேண்டும்" என்று சிரித்தாள்.

குறை இல்லாமல் இல்லை. முன்பதிவுக்கு அழைத்தபோது அவளுடைய தம்பி, அடையாள அட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னான். உள்ளே இத்தனை கவனம், வாசலில் இப்படியா என்று அவளிடமே கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. இந்த வருடம் பெயரும் நேரமும் மட்டும் கேட்டான். இன்னொன்று, ஆமை வேகம். கடையில் இருபது நிமிடத்தில் முடிந்தது இங்கே ஒன்றரை மணித்தியாலம் எடுக்கிறது. மின்விசிறி வாடிக்கையாளர் பக்கம் திரும்புவதே இல்லை.

கட்டணம் 2,500 ரூபா. கடையில் 800 கொடுத்தேன். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபர் விலக்கு, அதாவது வருடத்துக்கு வரி இல்லாத வருமானம், 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாகிவிட்டது, இனி ஏன் போக வேண்டும் என்று அயலவர் ஒருவர் கேட்டார். வங்கி கழிப்பதும் அதே ஏப்ரலில் 10 வீதமாகிவிட்டதே. கூடுதலாகக் கழித்ததைத் திருப்பிக் கேட்கவும் படிவம்தான் போட வேண்டும்.

படிவம் போடக் கடைசித் திகதி நவம்பர் 30. ஐப்பசி மழை தொடங்குமுன் போய்விடுங்கள். கடைசிக் கிழமையில் விறாந்தை நிரம்பி, அடுத்தவர் கணக்கு உங்கள் காதில் விழும். உங்களுடையது அவர் காதிலும்.