‘புது ரேடியேட்டர்’ என்ற சொல்லை நம்பி கியர்பாக்ஸை இழந்தேன்

என்னுடைய இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது, வண்டியும் நகரவில்லை.

முப்பது ஆண்டுப் பழைய ஆட்டோமேட்டிக் கார் அது. ஏற்றங்களில் சூடேறியதோடு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இருக்கும் தொட்டியில் சிவப்பு எண்ணெய் ஆடை போல மிதக்கத் தொடங்கியதால், பழைய வண்டிகளைப் பழுது பார்ப்பதில் பெயர் வாங்கிய ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருப்பதாகவும், அது அரித்து ஓட்டை விழுந்தால், எஞ்சின் ஓடும்போது ஆயில் கூலன்ட்டுக்குள்ளும், நிறுத்திய பின் சூட்டின் அழுத்தத்தால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள்ளும் போகும் என்றும் மெக்கானிக் தாளில் படம் வரைந்தே விளக்கினார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால்தான், “புது ரேடியேட்டர் போட்டு, ஆயில் முழுவதையும் மாற்றித் தருகிறேன்” என்றபோது, இரண்டு மாதச் சம்பளத்தை மறுபேச்சின்றி முன்பணமாகவே கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள், கியரைப் போட்டால் எஞ்சின் மட்டும் இரைந்தது. கியர்பாக்ஸ் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தபோது, தெளிந்த சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில், இளஞ்சிவப்புப் பால் போல நுரைத்திருந்தது. ரேடியேட்டரில் கூலர் குழாய் சேரும் இடத்தை நகத்தால் கீறினேன். கறுப்புப் பெயிண்ட் பொருக்காக உதிர்ந்து, அடியில் பச்சை பூத்த பழைய பித்தளையும் அதன்மேல் வைத்த புதுப் பற்றவைப்பும் தெரிந்தன.

அந்த மெக்கானிக்கைக் கேட்டால், முதலில், “ஆயில் செட்டாக ஒரு வாரம் ஆகும் சார்” என்றார். அடுத்த முறை, “வண்டி பழசு, நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்றார். பிறகு உதவியாளர்தான் பேசினார். பில்லை எடுத்துப் பார்த்தால், அதில் ‘ரேடியேட்டர் வேலை’ என்று மட்டுமே இருக்கிறது. புதிது என்ற சொல்லே இல்லை. நான் அதைப் படிக்காமல் மடித்து வைத்துக்கொண்டேன் என்பதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

கியர்பாக்ஸைப் பிரித்த வேறொரு மெக்கானிக், கூலன்ட் பட்டு கிளட்ச் தகடுகளின் மேல்பூச்சு உரிந்துவிட்டதைக் காட்டினார். அதைச் சரிசெய்ய இன்னும் செலவாகும். ஏற்கெனவே கொடுத்த இரண்டு மாதச் சம்பளம் திரும்பி வரப்போவதில்லை.

உங்களிடமும் பழைய ஆட்டோமேட்டிக் வண்டி இருந்தால், ஆயிலும் கூலன்ட்டும் கலந்திருப்பது தெரிந்த நொடியே எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியை இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். கழற்றிய ரேடியேட்டரைக் கையில் கேட்டு வாங்குங்கள். பில்லில் ‘புதிது’ என்று எழுதச் செய்யாமல் பணம் தராதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரின் இணைப்பைத் துண்டித்து, ஆயிலுக்குத் தனிக் கூலரை வெளியே பொருத்திவிட்டால், இரண்டும் அங்கே கலக்கவே வழியில்லை. இதை எனக்கு அந்த இரண்டாவது மெக்கானிக்தான் சொன்னார்.

இன்று காலையும் முதல் ஒர்க்‌ஷாப்பை அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது.