மடையோரம் ஒரு மின்நூல் கருவி: மூன்று வருடம் வைத்திருந்து எழுதுகிறேன்

இந்தக் கருவியை வாங்கியது 2022 செப்டம்பரில். அதற்கு முந்தின மாதம் கொள்ளிடத்தில் வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. எங்கள் ஊர் திருவையாற்றுக்கு வடக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில். வீடு படுகைப் பக்கம். நாலு நாள் பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டுத் திரும்பியபோது அலமாரியின் கீழ் இரண்டு தட்டுப் புத்தகங்களும் ஊறி உப்பி, உருவ முடியாமல் இறுகிப் போயிருந்தன. கடப்பாரை நுனியை விட்டு நெம்பித்தான் எடுத்தோம். முப்பத்தொரு வருடம் தமிழாசிரியையாக இருந்து சேர்த்தவை. வெயிலில் காயப் போட்டதில் பாதிகூடத் தேறவில்லை.

ஓசூரில் இருக்கும் மகன்தான், "இதை வாங்கிக்கம்மா, தண்ணியில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்று சொன்னான். 11,000 ரூபாய் ஆனது. கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. ஆறு அங்குலத்தில் வரும் கறுப்பு வெள்ளைக் கருவிகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். திரையைச் செய்து கொடுப்பதும் பெரும்பாலும் ஒரே நிறுவனம். அதனால் எதை வாங்கினாலும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் திரை. நுண்ணிய குமிழிகள் லட்சக்கணக்கில் அதற்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் உண்டு. மின்சாரம் பட்டால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும், அப்படியே நின்றுவிடும். பக்கம் திருப்பும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் வேண்டும். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை அறுவை ஆகியிருக்கிறது. போனில் பத்து நிமிடம் படித்தால் கண்ணில் நீர் கொட்டும். இதில் இரண்டு மணி நேரம் படிக்கிறேன். எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம். உச்சி வெயிலில் களத்தில் உட்கார்ந்தாலும் தெளிவாகத் தெரிகிறது. பேட்டரி வாரக்கணக்கில் நிற்கும் என்றார்கள். இரவில் விளக்குப் போட்டுத் தினமும் இரண்டு மணி நேரம் படிக்கிற எனக்குப் பன்னிரண்டு நாள் வருகிறது. போதும்.

இரவில் படிப்பது முறைத் தண்ணீருக்காக. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். நம் முறை ராத்திரி பதினோரு மணிக்கு வந்தாலும் போய் மடையைப் பார்த்துக்கொண்டுதான் ஆக வேண்டும். மூன்று ஏக்கரும் பாய நாலு மணி நேரம் ஆகும். முன்பு சும்மா உட்கார்ந்திருப்பேன். இப்போது வரப்பில் சாக்கை விரித்து, கருவியின் விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கிறேன்.

2023-ல், சம்பா நட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். அப்படி ஒரு ராத்திரி படித்துக்கொண்டிருந்தேன். திரை வெளிச்சத்துக்குப் பூச்சி வந்து மொய்க்க ஆரம்பித்தது. தட்டிவிட்டுத் தட்டிவிட்டுப் படித்தேன். ஒரு வரியில் 'கண' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கண்' என்று தெரிந்தது. மறுபடி பார்த்தால் அந்தப் புள்ளி நகர்ந்தது. வைக்கோல் மஞ்சளில் ஒரு அந்துப்பூச்சி, சிறகை மடித்து உட்கார்ந்திருந்தது. முன்சிறகில் ஒரு கறுப்புப் புள்ளி. எழுத்தைப் பெரிதாக வைத்திருந்ததால் அந்தப் புள்ளி சரியாக 'ண' மேல் விழுந்திருக்கிறது.

பக்கத்து வயல் பெரியவர் அவருடைய மடையிலிருந்து வந்து குனிந்து பார்த்தார். "டீச்சரம்மா, இது குருத்துப்பூச்சி. பொட்டை. பொட்டைக்குத்தான் அந்தப் பொட்டு இருக்கும். படிச்சது போதும், காலையில இலை நுனியப் பாருங்க" என்றார்.

காலையில் பார்த்தேன். இலை நுனியருகே பழுப்பு ரோமம் போர்த்திய முட்டைக் குவியல்கள். ஒரு சதுர மீட்டரில் இரண்டு குவியல் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்பது கணக்கு; எங்கள் வயலில் சில இடத்தில் மூன்று இருந்தன. அப்படியே விட்டிருந்தால் நடுக்குருத்து காய்ந்திருக்கும், கதிர் வரும் சமயத்தில் வெண்கதிராகப் போயிருக்கும். முட்டையைக் கிள்ளி எடுத்தோம், பூச்சியின் முட்டையை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற குட்டிக் குளவியின் ஒட்டுண்ணி அட்டை வாங்கிக் கட்டினோம். மருந்து அடிக்கவில்லை. அதிலிருந்து முறை ராத்திரியில் முதல் பத்து நிமிடம் படிப்பதில்லை. விளக்கை முழுதாக வைத்துத் திரையில் என்னென்ன வந்து உட்காருகிறது என்று பார்க்கிறேன். பச்சைத் தத்துப்பூச்சிதான் அதிகம் வரும். தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி வந்தால் மறுநாள் தூர்க்கட்டையைப் பார்ப்பேன். வெளிச்சம் காட்டிப் பூச்சியைப் பிடிக்கும் விளக்குப்பொறி செய்கிற வேலையை இதுவும் கொஞ்சம் செய்கிறது. அப்புறம் விளக்கின் நிறத்தை மஞ்சளுக்கு மாற்றிவிட்டால் பூச்சி வருவது குறைந்துவிடும், படிக்கலாம். நிறம் மாற்றும் வசதி இல்லாத கருவிகள் விலை குறைவு. கிராமத்தில் இருப்பவர்கள் அதை மட்டும் வாங்காதீர்கள்.

படிக்க என்ன கிடைக்கிறது என்று கேட்டால், பழைய இலக்கியத்துக்குக் குறையே இல்லை. ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கம் இருந்ததை உ.வே.சாமிநாதையர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். படியெடுத்துவிட்டுப் பழையதை விட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. படியெடுக்காமலே விட்டதுதான் போய்ச் சேர்ந்தது. அந்தப் படியெடுக்கும் வேலையை, பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்துக்காரர்கள் 1998 பொங்கலிலிருந்து சம்பளம் வாங்காமல் செய்து வருகிறார்கள். தட்டச்சு செய்தவர்கள் பெயர் ஒவ்வொரு நூலின் முதல் பக்கத்திலும் இருக்கும்; நான் அதைப் படிக்காமல் தாண்டுவதில்லை. ஊறிப்போன என் புத்தகங்களில் சங்க நூல்கள் எல்லாம் இப்படித்தான் எனக்குத் திரும்பக் கிடைத்தன. புதிய நாவல்களும் விலைக்குக் கிடைக்கின்றன.

தமிழுக்கு இரண்டு குறை உண்டு. ஒன்று, நம் சொற்கள் நீளம். வரியின் இரண்டு ஓரத்தையும் நேராக்குகிறேன் என்று சொற்களுக்கு நடுவில் குளம் குளமாக இடைவெளி விடுகிறது. இடது ஓரம் மட்டும் நேராக வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். இன்னொன்று அகராதி. 'வரப்பு' என்றால் பொருள் சொல்லும். 'வரப்பிலிருந்துதான்' என்று இருந்தால் கையை விரித்துவிடும். வேற்றுமை உருபு ஏறிய சொல்லைப் பிரித்துப் பார்க்க அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கித் தர நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி, என் பெரிய குறை.

வெள்ளத்தில் தாங்கும் நெல்லைப் பற்றிப் படிக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் பொன்மணி என்று சொல்லும் சி.ஆர்.1009-இல் சப்-1 மரபணுவைச் சேர்த்து ஒரு ரகம் வந்திருக்கிறது. அந்த மரபணு ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து வந்தது. சாதாரணப் பயிர் மூழ்கினால் மேலே வந்துவிடலாம் என்று இலையை நீட்டும். இருக்கிற சத்தையெல்லாம் அதிலேயே செலவழித்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். சப்-1 இருந்தால் பயிர் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். சுமார் இரண்டு வாரம் அப்படியே கிடந்து, வடிந்தபின் துளிர்விடும். இதற்கு நேர் எதிராக, மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும் வங்கதேசப் பக்கத்து ஆழ்நீர் நெல், தண்ணீர் ஏற ஏறத் தண்டை நீட்டிக்கொண்டே போகும். எவ்வளவு அழகான விஷயம்! ஆனால் கட்டுரையிலிருந்த வரைபடத்தில் நாலு நிறத்தில் நாலு கோடு. என் திரையில் நாலும் ஒரே சாம்பல். எது எந்த ரகம் என்று தெரியவில்லை. பயிர்க் கையேட்டிலும் இதே கதைதான். உர அட்டவணை திரைக்கு வெளியே ஓடிவிடுகிறது. சுருக்கினால் எண் தெரியாது, பெரிதாக்கினால் எந்த வரிசை என்பது மறந்துபோகும். கடைசியில் திருவையாற்றில் கலர் பிரிண்ட் எடுத்து வந்தேன். பழைய புத்தகங்களின் ஸ்கேன் பக்கங்களும் இந்த அளவுத் திரையில் படிக்க முடியாது. குறுக்கே திருப்பி வைத்தால் பக்கத்தில் பாதி பாதியாக ஓரளவு படிக்கலாம்.

முன்னும் பின்னும் புரட்டி, இங்கே ஒரு விரலும் அங்கே ஒரு விரலும் வைத்துப் படிப்பதற்கு இது ஆகாது. என் மாமனார் 1968-லிருந்து எழுதிய பேரேடு பரண்மேல் இருந்ததால் தப்பியது. மேட்டூர் திறந்த நாள், ஊருக்குத் தலைத்தண்ணீர் வந்த நாள், என்ன ரகம் விதைத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். சில வருடங்களில் "மடையில் கெண்டை ஏறுது" என்று ஒரு வரி. முதல் தண்ணீர் வந்ததும் மீன் எதிரேறி, வாய்க்காலுக்கும் வயலுக்கும் வந்து முட்டையிடும். அவர் இறந்தபின் நான் எழுதுகிறேன். 2022-இல் அணை மே 24-ஆம் தேதியே திறந்தது, ஆகஸ்டில் வெள்ளம். 2023-இல் வழக்கமான ஜூன் 12-இல் திறந்து, தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10-இல் மூடினார்கள். 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை, திறந்த இரண்டே நாளில் அணை 120 அடி நிரம்பிக் கொள்ளிடத்தில் வெள்ளம் போனது. 2025-இல் மறுபடி ஜூன் 12. நாலு வருடம், நாலு மாதிரி. தண்ணீரை நம்பி ஏறுகிற மீனுக்கு நாள் எப்படித் தெரியும்? 2024-இல் தலைத்தண்ணீர் வந்த அன்று மடையில் நின்று பார்த்தேன். ஆகாயத்தாமரை வந்தது, ஜிலேபிக் கெண்டை வந்தது. நாட்டுக் கெண்டை கண்ணில் படவில்லை. அதை மாமனாரின் 1970 பக்கத்துக்கு எதிரே வைத்துப் பார்க்கக் காகிதம்தான் வேண்டும். கருவியிலும் குறிப்பெழுதும் வசதி இருக்கிறது. ஒரு தமிழ் வரி தட்டுவதற்குள் மடை நிரம்பி வழிந்துவிடும்.

கதை படிப்பதிலும் ஒன்றைக் கவனித்தேன். காகிதப் புத்தகத்தில் ஒரு சம்பவம் எங்கே வந்தது என்று கேட்டால், "பாதிக்கு முன்னால, இடப்பக்கம், கீழே" என்று கை தானாகப் போகும். இதில் போவதில்லை. வயசாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். 2019-இல் நார்வே, பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 50 பேருக்கு 28 பக்கக் கதை ஒன்றைக் கொடுத்து, பாதிப் பேரைக் காகிதத்திலும் பாதிப் பேரை மின்கருவியிலும் படிக்க வைத்திருக்கிறார்கள். கதை புரிந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது காகிதத்தில் படித்தவர்கள் நன்றாகச் செய்திருக்கிறார்கள். பக்கத்தின் கனம் இடக்கையில் ஏறி வலக்கையில் குறைவதை நாம் உணர்ந்துகொண்டே படிக்கிறோம். கருவியில் முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் ஒரே கனம். இப்போது பெரிய நாவல் படிக்கும்போது ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் நோட்டில் ஒரு வரி எழுதிவைக்கிறேன். உதவுகிறது.

தண்ணீர் விஷயத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஒரு முறை வாய்க்காலில் விழுந்தது, துழாவி எடுக்க ஐந்து நிமிடம் ஆனது. நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, சார்ஜ் போடும் துளை காயும்வரை ஒரு நாள் வைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. தூறலில் மட்டும் படிக்க முடியாது. ஒவ்வொரு துளியையும் விரல் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிடுகிறது.

உடைந்தது அழுத்தத்தில்தான். பையில் அரிவாள் பிடி அழுத்தி, திரையின் ஒரு மூலையில் கோடு விழுந்தது. திரைக்குள் இருப்பது மெல்லிய கண்ணாடி. கம்பெனிக்குப் போன் செய்தால், திரை மாற்றித் தருவதில்லை, புதிதாக வாங்கினால் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். 11,000 ரூபாய்ப் பொருளுக்கு ஒரு திரை மாற்ற வழியில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. உழவுக் கருவி எதை வாங்கினாலும் பாகம் கிடைக்குமா என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். இதற்கும் கேளுங்கள். கெட்டி உறை 600 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதை முதல் நாளே வாங்கியிருந்தால் எனக்கு இந்தக் கோடு விழுந்திருக்காது.

கதை, கவிதை, கட்டுரை என்று ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நேராகப் படிக்கிறவர்களுக்கு, கண் கோளாறு உள்ளவர்களுக்கு, வெள்ளமோ கரையானோ வரும் வீட்டில் இருப்பவர்களுக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் தருவேன். அட்டவணை, வரைபடம், கணக்கு பார்க்க என்றால் ஒன்றரை. மூலையில் கோட்டோடு இன்னும் ஓடுகிறது. இன்று ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் முறை. பையில் டார்ச், கருவி, கெட்டி அட்டை போட்ட பேரேடு மூன்றும் வைத்திருக்கிறேன். அரிவாளைத் தனியாகக் கையில் எடுத்துக்கொள்கிறேன்.