ரிலீஃப் தாளில் யார் பெயர்? டர்பனில் இரண்டு தலைமையாசிரியர்கள்

ஒரு பள்ளி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில்; வீட்டிலிருந்து நடந்தே போகலாம். இன்னொன்று பீனிக்ஸில், நகரத்தின் மறுகோடியில். இரண்டுமே அரசு உயர்நிலைப் பள்ளிகள், இரண்டிலும் கணக்கு ஆசிரியராக இருந்திருக்கிறேன். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு கிராஸ் டிரான்ஸ்ஃபர், அதாவது இன்னொரு ஆசிரியரோடு இடம் மாற்றிக்கொள்ளும் மாறுதல், வாங்கிக்கொண்டு போனவன் நான். "பக்கத்துல இருக்கிற ஸ்கூலை விட்டுட்டு பீனிக்ஸுக்கு எதுக்குப்பா ஓடுறே?" என்று அத்தை இன்னும் கேட்கிறார். என் ஓட்டு பீனிக்ஸுக்குத்தான். அதற்குக் காரணம் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர்.

சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் இரண்டிலும் ஒன்றே; அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிக்கு நம் பங்கு 7.5 சதவீதம், அரசின் பங்கு 13. மாணவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கட்டணப் பள்ளி என்று பெயர், ஆனால் கட்ட முடியாத குடும்பங்கள் இரண்டு பக்கமும் நிறைய. பெட்ரோல் செலவில் மட்டும் எனக்கு நஷ்டம். என்2 நெடுஞ்சாலையின் காலை நெரிசலைப் பற்றி டர்பன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாட்ஸ்வொர்த் தலைமையாசிரியரைக் குறைத்துப் பேச மாட்டேன். மேட்ரிக் எனப்படும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் தேர்ச்சிக்காக உயிரைக் கொடுப்பவர். சனிக்கிழமை வகுப்பு, விடுமுறை வகுப்பு, வேலியில் பெரிய பேனர். பெற்றோர் மத்தியில் நல்ல பெயர். ஆனால் வருடா வருடம் ஆசிரியர் அறையில் புது முகங்கள்.

இதற்குப் பலரும் பல காரணம் சொல்வார்கள். நான் பார்த்த வரையில் முக்கியமானது ரிலீஃப். ஒருவர் வராத நாளில் அவர் வகுப்புகளை மற்றவர்களின் ஓய்வுப் பாடவேளைகளில் பங்கு போடுவார்கள். பிரசவ விடுப்பு போன்ற நீண்ட விடுப்புக்குத்தான் மாற்று ஆசிரியர் வருவார். இரண்டு நாள் காய்ச்சலுக்கு யாரும் வர மாட்டார்கள். ஆகவே தினமும் காலையில் ஒரு தாள் ஒட்டப்படும், யார் எந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்று. அந்தத் தாளைப் போடுவது நிர்வாகம். தலைமையாசிரியர் பார்க்காமல் அது சுவருக்கு வருவதில்லை.

விதிகளில் உள்ள கணக்கைப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளியில் லெவல் ஒன் ஆசிரியர், அதாவது நிர்வாகப் பதவி இல்லாத ஆசிரியர், கற்பித்தல் நேரத்தில் 85 முதல் 90 சதவீதம் வகுப்பில் இருக்க வேண்டும். துறைத் தலைவருக்கு 85, துணைத் தலைமையாசிரியருக்கு 60. தலைமையாசிரியருக்கும் பள்ளியின் அளவைப் பொறுத்து 5 முதல் 60 வரை உண்டு. அப்படியானால் அதிக ஓய்வுப் பாடவேளை யாரிடம் இருக்கிறது? மேலே இருப்பவர்களிடம். சாட்ஸ்வொர்த்தில் ரிலீஃப் தாளில் வந்தது யார் பெயர்? எப்போதும் கீழே இருப்பவர்களின் பெயர், அதிலும் புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர். மேட்ரிக் வகுப்பு எடுக்கும் மூத்தவர்களைத் தொடக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு முழுக்கப் புதியவர்கள் தலையில். அவர்களுக்கு இருக்கும் ஒன்றிரண்டு ஓய்வு நேரமும் ரிலீஃபில் போய்விடும். திருத்த வேண்டிய நோட்டுகள் வீட்டுக்குப் போகும்.

அப்புறம் நடப்பதை யாரும் தடுக்க முடியாது. களைத்தவர் விடுப்பு எடுப்பார். மூன்று வருடச் சுற்றுக்கு 36 வேலை நாள் மருத்துவ விடுப்பு இருக்கிறதே. அவர் எடுத்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ரிலீஃப் கூடும், அவரும் எடுப்பார். தாள் நீண்டுகொண்டே போகும். இளையவர்கள் டிரான்ஸ்ஃபர் தேடுவார்கள், நானும் தேடினேன். மூத்தவர்களோ 55 வயதை எண்ணிக்கொண்டிருப்பார்கள். கட்டாய ஓய்வு 65 என்றாலும் 55க்கு மேல் போகலாம்; ஆனால் 60க்கு முன் போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு ஓய்வூதியம் குறையும். ஒரு வருடம் முன்னதாகப் போனால் 4 சதவீதம், வாழ்நாள் முழுக்க. அந்த நஷ்டத்தைத் தெரிந்தே "போதும்ப்பா" என்று கையெழுத்துப் போட்டவர்களை அங்கே பார்த்தேன்.

பீனிக்ஸில் தாளின் முதல் வரியிலேயே தலைமையாசிரியரின் பெயர் இருக்கும். பூகோளம் படித்தவர், ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்கு வந்து உட்காருவார். கணக்குச் சொல்லித்தர வராது, பையன்களை அமைதியாக வேலை செய்ய வைப்பார், அவ்வளவுதான். ஆனால் அவர் போகும்போது துணைத் தலைமையாசிரியர் "எனக்கு மீட்டிங்" என்று சொல்ல முடியாது. இன்னொரு பலனும் உண்டு: எந்த வகுப்பு அடங்காதது, எந்தக் கதவு உடைந்திருக்கிறது என்பது அவருக்கு நேரில் தெரியும். ஓர் ஆசிரியர் புகாரோடு போனால் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. முடிவெடுக்க நாள் கடத்துவார். கல்வி இலாகாவுக்குப் போக வேண்டிய படிவங்கள் கடைசி மணிநேரத்தில்தான் போகும். மேட்ரிக் தேர்ச்சியும் சாட்ஸ்வொர்த் அளவுக்கு இல்லை. மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பாய் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன்.

உபரி ஆசிரியர்களை வெளியே அனுப்பும் விஷயத்தில் எனக்கு அனுபவம் குறைவு. அடுத்த ஆண்டுக்கான பணியிடங்களை இலாகா செப்டம்பர் 30க்குள் அறிவிக்கும். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் யாராவது உபரி ஆவார்கள். பாடத் தேவையைப் பார்த்த பிறகும் இருவரில் ஒருவர் என்று நின்றால், கடைசியில் வந்தவர்தான் முதலில் போவார். இதில் தலைமையாசிரியரின் கை ஓரளவுக்குத்தான் நீளும். பீனிக்ஸில் கணக்கைப் பலகையில் எழுதி எல்லோர் முன்னாலும் விளக்கினார். போனவருக்கும் வருத்தம் இருந்தது, கசப்பு இல்லை. ஒரு முறைதான் பார்த்தேன், அதை வைத்துப் பெரிதாகச் சொல்ல முடியாது.

துபாய்க்கும் இங்கிலாந்துக்கும் போகிறவர்களை எந்தத் தலைமையாசிரியரும் பிடித்து வைக்க முடியாது, அது பணத்தின் கணக்கு. பீனிக்ஸிலிருந்தும் போனார்கள். தொடக்கப் பள்ளியில் ஓய்வுப் பாடவேளை என்பதே அபூர்வம் என்பதால் அங்கே இந்த அளவுகோல் பொருந்துமா என்பது சந்தேகம்தான்.

டிரான்ஸ்ஃபர் யோசிப்பவர்கள் அந்தப் பள்ளி ஆசிரியர் அறைக்குள் ஒரு முறை போய் வாருங்கள். பழைய ரிலீஃப் தாள்கள் கோப்பில் இருக்கும். தேர்வு நேரத்தை விட்டுவிட்டு ஆகஸ்ட் மாதத் தாள்களைக் கேளுங்கள், இங்கே அது குளிர்காலம், சளிக்காய்ச்சலில் விடுப்பு அதிகம். அதில் நிர்வாகத்தினர் பெயர் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். காட்ட மறுத்தால் அதுவே பதில்.

என் தேர்விலும் ஒரு ஆபத்து இருக்கிறது. பீனிக்ஸ் தலைமையாசிரியர் 65ஐ நெருங்குகிறார். அவர் போனதும் பணியிடம் விளம்பரமாகும், பள்ளி ஆட்சிக்குழு நேர்காணல் வைத்து ஒரு பெயரைப் பரிந்துரைக்கும், மாகாண இலாகா நியமிக்கும். துணைத் தலைமையாசிரியர் விண்ணப்பிப்பார் என்று கேள்வி. வேறு யாராவது வந்தால், அத்தையின் கேள்வியை நானே திரும்பக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கலாம்.