பெரிய படக் கோப்பு: சுருக்குவதா, ப்ராக்ஸியா, பல படமா?

ஏர்வாடி சந்தனக்கூடு அறிவிப்போ, ராமேஸ்வரம் லாட்ஜ் விளம்பரமோ, மோஷன் கிராஃபிக்ஸ் வேலைக்கு இந்தக் கரையில் கைக்கு வருவது பெரும்பாலும் ஃப்ளெக்ஸ் அடிக்கச் செய்த கோப்புதான். 10-க்கு 8 அடி பேனரை 150 டிபிஐயில் (அங்குலத்துக்கு 150 பிக்சல்) செய்திருந்தால் அது 18,000-க்கு 14,400 பிக்சல். ஜேபெக்காகக் கொடுத்திருந்தால் கோப்பின் அளவு சில பத்து எம்பிதான் காட்டும். அந்த எண்ணை நம்பி இறங்காதீர்கள். மோஷன் கிராஃபிக்ஸ் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் படத்தை முழுசாக விரித்துத்தான் ரேமில் வைக்கும். 8 பிட் ப்ராஜெக்டில் ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால், அந்த ஒரு பேனரே 1 ஜிபியைத் தாண்டிவிடும். 16 பிட்டுக்கு மாற்றினால் இரட்டிப்பாகும். 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் திணறுவது இதனால்தான்.

டிபிஐயை 300-இலிருந்து 72 ஆக்கிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போட்டோஷாப்பில் ரீசாம்பிள் (பிக்சல்களைத் திரும்பக் கணக்கிடுவது) டிக் இல்லாமல் மாற்றினால் ஒரு பிக்சல்கூடக் குறையாது. வீடியோவுக்குப் பிக்சல் எண்ணிக்கை மட்டும்தான் கணக்கு.

என் கருத்தில், முதலில் பார்க்க வேண்டிய வழி போட்டோஷாப்பில் சுருக்குவது. ஃப்ரேமின் அகலத்தை, அந்தப் படத்துக்குள் நீங்கள் போகப்போகும் அதிகபட்ச ஜூமால் பெருக்குங்கள். 1,920 பிக்சல் அகலமுள்ள ஃபுல் எச்டியில் இரண்டு மடங்கு ஜூம் என்றால் 3,840 பிக்சல் அகலம் போதும். மேலே சொன்ன பேனர் 3,840-க்கு 3,072 ஆகச் சுருங்கி, ரேமில் 47 எம்பிதான் பிடிக்கும். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஃப்ளெக்ஸ் கோப்பு அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறமுறையில் இருந்தால் அதே கையோடு திரைக்கான ஆர்ஜிபிக்கு மாற்றி, நிறத்தை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இதை முதல் கீஃப்ரேம் (அசைவின் தொடக்கம், முடிவைக் குறிக்கும் புள்ளி) போடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். பாதி வேலையில் சிறிய படத்தை மாற்றி வைத்தால் ஸ்கேலும் ஆங்கர் பாயிண்டும் (படம் எந்தப் புள்ளியை மையமாக வைத்து அளவு மாறுகிறதோ அது) பழைய அளவுக்கே நிற்கும். எல்லாவற்றையும் திரும்பச் சரிசெய்ய வேண்டி வரும்.

ப்ராக்ஸி என்பது வேலை செய்யும்போது மூலப் படத்துக்குப் பதிலாக நிற்கும் சிறிய படம். அதற்கு அந்தத் தொல்லை இல்லை. சிறிய படத்தை ப்ராக்ஸியாக வைத்தாலும் மென்பொருள் அதை மூலப் படத்தின் அளவாகவே நடத்தும், கீஃப்ரேம் எதுவும் நகராது. எவ்வளவு ஜூம் என்று வாடிக்கையாளர் இன்னும் முடிவு செய்யாதபோது இதுதான் சரி. ஆனால் பெஸ்ட் செட்டிங்ஸில் ரெண்டர் (இறுதி வீடியோவை உருவாக்குவது) போட்டால் ப்ராக்ஸி ஒதுக்கப்பட்டு மூலப் படம்தான் வரும். பகலில் சுகமாக ஓடிய ப்ராஜெக்ட் ராத்திரி ரெண்டரில் நின்றுபோவது அப்படித்தான். ப்ராக்ஸி சுமையைத் தள்ளிப்போடும், குறைக்காது. ரெண்டருக்கு வேறு பெரிய மெஷின் இருப்பவர்களுக்கே அது முழுப் பலன் தரும். ப்ரிவியூ ரெசல்யூஷனை ஹாஃப், குவார்ட்டர் என்று வைப்பதும் இதே ரகம்தான்.

அகலத்தை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அரிச்சல்முனைக் கரையை 20,000-க்கு 1,080 பனோரமாவாக எடுத்திருந்தால் அது வெறும் 86 எம்பி. பக்கவாட்டில் நகர்த்துவதற்கு அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

சுருக்குவதும் ப்ராக்ஸியும் இரண்டுமே கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் சுமார் 2.08 கி.மீ. நடுவில் மேலே தூக்கப்படும் பகுதி 72.5 மீட்டர். முழுப் பாலத்தில் தொடங்கி அந்தத் தூக்குப் பகுதி ஃப்ரேமை நிறைக்கும்வரை போக வேண்டும் என்றால் ஏறக்குறைய 29 மடங்கு ஜூம். ஒரே படத்தில் செய்ய 55,000 பிக்சலுக்கு மேல் அகலம் வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் உச்சவரம்பே 30,000தான். வெட்டித் துண்டு துண்டாக அடுக்கலாம். ஆனால் தொடக்கத்தில் முழுப் பாலமும் தெரிவதால் அத்தனை துண்டும் ஒரே நேரத்தில் ரேமில் ஏறும்.

இங்கே நான் பரிந்துரைப்பது மூன்று படங்கள். ஒரே இடத்தில் நின்று, லென்ஸை மட்டும் மும்மூன்று மடங்காக ஜூம் செய்து, அகலமாக ஒன்று, இடைத்தரமாக ஒன்று, நெருக்கமாக ஒன்று. ஒவ்வொரு படத்துக்குள்ளும் மூன்று மடங்கு ஜூம் போனால், 3 × 3 × 3 என்று ஏறக்குறைய 27 மடங்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் 6,000 பிக்சல் அகலம் போதும். சாதாரண 24 மெகாபிக்சல் கேமரா அதைத் தரும். மூன்றும் சேர்ந்து ரேமில் 288 எம்பி. நேர் எதிரே நிற்காமல் மண்டபம் கரையிலிருந்து சாய்வாக எடுத்தால் மடங்கு மாறும், வழி மாறாது. இடம் மட்டும் நகரக் கூடாது. நகர்ந்தால் தூண்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது.

அப்புறம், நெருக்கமான படங்களைச் சுருக்கி அகலப் படத்தில் அதே இடத்தில் பொருத்தி, அந்த உள்படங்களின் ஓரத்தை ஃபெதர் செய்து (மங்கலாக்கி), மூன்றையும் ஒரே நல்லுக்கு (கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு லேயருக்கு) பேரண்ட் செய்து, அதாவது அதோடு சேர்ந்து அசையும்படி இணைத்து, நல்லின் ஸ்கேலுக்கு எக்ஸ்பொனென்ஷியல் ஸ்கேல் (ஜூம் வேகம் சீராகத் தெரியச் செய்யும் வசதி) போடுங்கள். சாதாரண கீஃப்ரேமில் விட்டால் தொடக்கத்தில் பாய்ந்து, தூக்குப் பகுதி கிட்டே வரும்போது ஊர்ந்துபோகும்.