ரைசர் போட்டு மூன்று வருடம்: கைவலி போனது, கேபிள் வலி வந்தது

இருநூறு கிலோமீட்டர் தாண்டினால் என் இடது சுண்டுவிரல் செத்துப்போகும். வண்டியை ஓரங்கட்டி கையுறையைக் கழற்றினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் யாருடையதோ மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். ஒருமுறை பர்ஸுக்குள் விரலை விட்டு, சில்லறையைத் தொட்டதே தெரியாமல் துழாவிக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் ரைசர் போட்டு, அதாவது ஹேண்டிலுக்கு அடியில் உலோகக் கட்டை வைத்து, பைக்கின் ஹேண்டிலை உயர்த்துவது என்று முடிவெடுத்தேன்.

என் உயரம் 168 செ.மீ. வண்டி சுமார் 200 கிலோ எடையுள்ள டூரிங் ரகம். முன்னால் காற்றுத்தடுப்புக் கண்ணாடி, ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), கேபிளில் இழுக்கும் ஆக்சிலேட்டர். கடைசியாகச் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. ரைசரோடு இதுவரை ஓடியது 39,000 கி.மீ. அதில் முதல் 6,000 ஒரு தப்பான உயரத்தில் ஓடியது.

ரைசர் வாங்குவதற்கு முன் எந்த விரல் மரக்கிறது என்று பார்ப்பது நல்லது. சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் என்றால், உள்ளங்கையின் வெளிப்பக்கமாக ஓடும் அல்நார் நரம்பு அழுந்துகிறது; பெரும்பாலும் உடம்பின் பாரம் கையில் இறங்குவதால். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் அது மணிக்கட்டின் நடுவில் போகும் மீடியன் நரம்பு. மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கி நிற்கிறதா, பிடியை இறுக்கிப் பிடிக்கிறோமா என்று பார்க்க வேண்டும். இதற்கு ரைசரைவிட லீவரைக் கொஞ்சம் கீழே திருப்பிவிடுவதே பலன் தரும். எனக்கு இரண்டும் கலந்து இருந்தது. நண்பரை விட்டுப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். முழங்கை இரண்டும் கம்பு மாதிரி நேராக, தோள்பட்டை காதைத் தொடும் உயரத்தில். அப்படித்தான் அத்தனை வருடமும் ஓட்டியிருக்கிறேன்!

காசு செலவில்லாத வேலையை முதலில் செய்தேன். ஹேண்டிலைக் கவ்விப் பிடித்திருக்கும் கிளாம்பின் நாலு போல்ட்டையும் தளர்த்தி ஹேண்டிலைச் சில டிகிரி என் பக்கம் உருட்டி, கிளட்ச், பிரேக் லீவர்களை முன்கைக்கு நேர்கோட்டில் வருகிற மாதிரி தாழ்த்தினேன். மணிக்கட்டு வலி பாதி போய்விட்டது. தோளும் சுண்டுவிரலும் அப்படியே இருந்தன.

அப்புறம்தான் 50 மி.மீ. ரைசர். ஏன் 50? போடுகிறதுதான் போடுகிறோம், பெரிதாகவே போடுவோமே என்ற அதே பழைய புத்திதான்.

வாங்கும்போது எனக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. ரைசர் ஹேண்டிலைச் செங்குத்தாகத் தூக்குவதில்லை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது இல்லையா, பெரும்பாலான டூரிங் வண்டிகளில் அந்தச் சாய்வு 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்கும். நேரான ரைசர் அந்தச் சாய்வின் வழியாகத்தான் ஹேண்டிலை நகர்த்தும். 26 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. ரைசர் ஹேண்டிலை 45 மி.மீ. மேலேயும் 22 மி.மீ. நம் பக்கமும் கொண்டுவரும். 30 மி.மீ. ரைசர் என்றால் 27 மேலே, 13 பின்னால். ஆக, பின்னிழுப்பும் சேர்ந்த ரைசர்தான் வேண்டும் என்று தேடி அலைபவர்கள், சாதாரண ரைசரே கொஞ்சம் பின்னிழுக்கும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அளவு மீறிப் பின்னால் வந்தால், முழுசாகத் திருப்பும்போது கட்டைவிரல் டேங்குக்கும் பிடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

மாட்டும் வேலை அரைமணி நேரம்தான். கிளாம்பைக் கழற்றி, நடுவில் அலுமினியக் கட்டையை வைத்து, கூடவே வந்த நீள போல்ட்டுகளால் முடுக்க வேண்டும். இங்கே போல்ட்டின் நீளத்தை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. எம்8 போல்ட், அதாவது 8 மி.மீ. விட்டமுள்ளது, அலுமினியத்தில் இறங்கும்போது குறைந்தது 12 மி.மீ. மரையாவது கடித்திருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு, அதாவது விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. நீளம் கூடினாலும் ஆபத்துதான். துளையின் அடி மூடியிருக்கும் வண்டியில் போல்ட் அடியில் போய் முட்டிக்கொள்ளும். குறித்த அளவு இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்ச் "கிளிக்" என்று சொல்லும், ஆனால் கிளாம்ப் இறுகியிருக்காது. நான் ரைசர் இல்லாமல் வெறும் போல்ட்டை விரலால் திருகி, எத்தனை சுற்று இறங்குகிறது என்று எண்ணிவிட்டுத்தான் மாட்டினேன். இறுக்க வேண்டிய அளவாக என் வண்டியின் மேனுவலில் 22 நியூட்டன் மீட்டர் போட்டிருந்தது. உங்கள் வண்டியின் மேனுவலில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கணக்கு. கிளாம்பின் முன் போல்ட்டை முதலில் முழுசாக இறுக்குவதா, முன்னும் பின்னும் சம இடைவெளி விடுவதா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும், அதையும் மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

மாட்டியதும் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி இடமும் வலமும் முழுசாகத் திருப்பிப் பார்த்தேன். கேபிள்கள் கொஞ்சம் விறைப்பாகத் தெரிந்தன, ஆனால் எதுவும் இழுபடவில்லை. "போதும்" என்று நினைத்துக்கொண்டேன். எஞ்சினை ஓடவிட்டுத் திருப்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் குறுகலான இடத்தில் யூ டர்ன் எடுத்தேன். ஹேண்டில் இடதுபக்கம் முழுசாகத் திரும்பிய நொடியில் வண்டி தானாக உறுமிக்கொண்டு முன்னால் தாவியது. ஆக்சிலேட்டரை நான் தொடவே இல்லை! பயத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன். திரும்பிய சக்கரத்தில் முன் பிரேக் பிடித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. நடக்கிற வேகத்தில் 200 கிலோவும் இடதுபக்கம் சாய்ந்தது. கிளட்ச் லீவரின் நுனி போயிற்று, என் முழங்காலில் ஒரு சிராய்ப்பு, போகிற வருகிறவர்கள் முன்னால் மானமும் கொஞ்சம். வீட்டுக்கு வந்து எஞ்சினை ஓடவிட்டுத் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஐடிலிங்கில் 1,400 இருந்த ஆர்.பி.எம்., இடதுகோடிக்குப் போனதும் 2,600-க்கு ஏறியது. கேபிளின் உறை இழுபட்டு, உள்கம்பி தானாகவே ஆக்சிலேட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது.

அதனால் யார் கேட்டாலும் நான் சொல்லும் சோதனை இதுதான்: எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில், இரண்டு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள்; ஆர்.பி.எம். முள் அசையவே கூடாது. அப்புறம் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி அதையே செய்யுங்கள். சக்கரம் தொங்கும்போது ஃபோர்க் முழுசாக நீளும், பிரேக் எண்ணெய் போகும் குழாயான ஹோஸுக்கு அப்போதுதான் உண்மையான சோதனை. கோடியில் ஹோஸ் கம்பி மாதிரி விறைத்து நின்றால் நீளமான ஹோஸ் போட்டே ஆக வேண்டும். அதைத் தொட்டால் புது வாஷர், டாட் 4 பிரேக் எண்ணெய், குழாய்க்குள் புகுந்த காற்றெடுக்கும் வேலை எல்லாம் வரும். ஏபிஎஸ் இருக்கிற வண்டியில் இதை வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்து பழக வேண்டாம். மின்னணு ஆக்சிலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேபிள் தொல்லை குறைவு, கிளட்ச்சும் ஹோஸும் ஒயரும் அவர்களுக்கும் உண்டு.

ஆக்சிலேட்டர் கேபிளை ஹெட்லைட்டுக்குப் பின்னால் வேறு வழியாக நெளித்துக் கொண்டுபோய்ச் சரிசெய்தேன். அந்த 50 மி.மீ.-யோடு ஐந்து மாதம் ஓட்டினேன். சுண்டுவிரல் பிழைத்துக்கொண்டது, தோள் இறங்கியது. ஆனால் புதிதாக இரண்டு வலி வந்தது.

ஒன்று வால் எலும்பு. முன்னால் சாய்ந்து உட்காரும்போது பாரத்தில் ஒரு பங்கு கைக்கும் ஒரு பங்கு காலுக்கும் போகும். நிமிர்ந்துவிட்டால் மொத்தமும் சீட்டில்தான். பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு அடியும் நேராக முதுகுத்தண்டில் ஏறும். இன்னொன்று காற்று. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று மார்பைத் தள்ளுகிறது. முன்னால் சாய்ந்திருப்பவனுக்கு அது கையின் பாரத்தைக் குறைக்கும் உதவி. நிமிர்ந்து உட்கார்ந்தவனுக்கோ பாய்மரம் கட்டின கதை. 100 கி.மீ. வேகத்தில் நான் ஹேண்டிலில் சாயவில்லை, அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். மரத்துப்போகும் கைக்குப் பதிலாகக் கடுக்கும் முன்கை. போதாக்குறைக்கு, முன்பு தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த கண்ணாடியின் காற்றலை இப்போது ஹெல்மெட்டின் நெற்றியில் படபடவென்று அடித்தது.

ஆறாவது மாதம் 30 மி.மீ.-க்கு இறங்கினேன். அதுதான் இன்றுவரை இருக்கிறது. உட்கார்ந்தால் முழங்கை லேசாக மடங்கி நிற்கிறது, தோள் தளர்வாக இருக்கிறது, ஆனால் மார்பு இன்னும் கொஞ்சம் முன்னால்தான். கரடுமுரடான பாதையில் எழுந்து நின்று ஓட்டும்போது கூன் போட வேண்டியதில்லை; எனக்கு இது பெரிய லாபம். 350 கி.மீ. ஓடின நாளில்கூட விரல் என்னுடையதாகவே இருக்கிறது. வால் எலும்பு பிரச்சினை முக்கால்வாசி போயிற்று, மிச்சத்தைச் சீட்டின் ஸ்பாஞ்சை மாற்றித்தான் தீர்த்தேன். ஹெல்மெட் படபடப்பு மட்டும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. கண்ணாடிக்கு மேலே மாட்டும் சின்னத் தடுப்பு ஒன்று வாங்கினேன், பாதி பலன்.

பின்னால் உட்காரும் என் மனைவியின் விமர்சனம் வேறு: "முன்னெல்லாம் உங்க தோளுக்கு மேலே ரோடு தெரியும். இப்போ உங்க ஹெல்மெட்டுக்குப் பின்னாடி என்ன பிராண்டுன்னு மட்டும் படிச்சுக்கிட்டே வர்றேன்." காற்று குறைவாக அடிக்கிறது என்பதையும் ஒத்துக்கொண்டாள். பக்கக் கண்ணாடிகளில் எனக்கும் முதல் வாரம் என் முழங்கைதான் தெரிந்தது. வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்ததில் சரியானது.

முன்சக்கரத்தின் பிடிப்பு தெரியாமல் போகும் என்று சொல்வார்கள். 50-ல் உண்மை, வளைவில் யாரோ கையைத் துணியால் சுற்றிவிட்ட மாதிரி இருந்தது. 30-ல் இரண்டு நாளில் பழகிவிட்டது.

இனி நாள்பட்ட கதை. ரைசர் கட்டைக்கு மூன்று வருடத்தில் ஒன்றும் ஆகவில்லை, கறுப்புப் பூச்சு மட்டும் சாம்பல் நிறத்துக்கு வெளுத்திருக்கிறது. முதல் 500 கி.மீ.-யில் போல்ட்டுகளை மறுபடி சோதித்தபோது ஒன்று கால் சுற்று வாங்கியது. அதன்பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும் ரெஞ்ச் வைக்கிறேன், எதுவும் அசைந்ததில்லை. மழையில் நனைந்து போல்ட்டின் ஆலன் குழிக்குள் துரு பிடித்தது. அதில் இப்போது கொஞ்சம் கிரீஸ் அடைத்து வைக்கிறேன்.

தொல்லை எல்லாம் ரைசரைச் சுற்றியிருந்தவற்றில்தான் வந்தது. 14,000 கி.மீ.-யில் கிளட்ச் இறுக ஆரம்பித்தது. கேபிளைக் கழற்றினால், லீவருக்குப் பக்கத்தில் கூர்மையாக வளைந்த இடத்தில் உள்கம்பியின் இழைகள் துடைப்பம் மாதிரி பிரிந்து நின்றன. கொஞ்சம் நீளமான கேபிள் போட்டதும் லீவர் பழையபடி மெத்தென்று ஆனது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

21,000-ல் பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில் முன்னால் ஒரு நூலிழை தள்ளாடுகிற மாதிரி தோன்றியது. முதலில் ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்கான கோன் செட் என்று நினைத்தேன். அது இல்லை. என் வண்டியில் கிளாம்புக்கு அடியில் அதிர்வு தாங்க ரப்பர் புஷ் இருக்கிறது. ஹேண்டில் உயர உயர நெம்புகோலின் நீளம் கூடுகிறது, அந்தப் புஷ்ஷுக்கு வேலையும் கூடுகிறது. இரண்டு புஷ்ஷும் ஒருபக்கம் நைந்திருந்தன. மாற்றியாயிற்று.

எல்லாவற்றிலும் கழுத்தறுத்தது 27,000-ல் வந்தது. மெதுவாக வலதுபக்கம் திருப்பினால் எஞ்சின் அணையும், நேராக்கினால் ஸ்டார்ட் ஆகும். தினமும் இல்லை, எப்போதாவது. மெக்கானிக் பெட்ரோல் பம்பைச் சந்தேகப்பட்டார், பேட்டரி முனையைச் சந்தேகப்பட்டார், சைடு ஸ்டாண்டு சுவிட்சைக் கழற்றி மாட்டினார். இரண்டு நாள் கழித்து, "அண்ணே, நீங்க ஹேண்டிலை உசத்தியிருக்கீங்கள்ல?" என்று கேட்டுவிட்டு, வலது சுவிட்சிலிருந்து வரும் ஒயர்க்கட்டை விரலால் நீவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். வெளியே பிளாஸ்டிக் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. அழுத்தினால் உள்ளே ஒன்றும் இல்லாமல் அமுங்கியது. எஞ்சினை நிறுத்தும் சுவிட்சின் ஒயர், 27,000 கி.மீ. இழுபட்டு இழுபட்டு, உறைக்குள்ளேயே அறுந்து கிடந்தது. ரைசர் போட்ட அன்றைக்கு அந்த ஒயர்க்கட்டைப் பிடித்திருந்த கட்டுப்பட்டையை வெட்டி, ஒரு விரல் அகலம் தளர்த்தி விட்டிருந்தால் போதும்.

கழற்றிய 50 மி.மீ. ஜோடி ஒரு வருடம் மேசை இழுப்பறையில் கிடந்தது. என் அலுவலக நண்பர் ஒருவர், 188 செ.மீ. ஆள், அதே மாடல் வண்டி வாங்கினார். எனக்கு ஆகாத அந்தக் கட்டைகளை அவரிடம் கொடுத்தேன். ஆக்சிலேட்டருக்கும் கிளட்ச்சுக்கும் நீளமான கேபிள்களையும் சேர்த்தே வாங்கவைத்து, எஞ்சினை ஓடவிட்டு இரண்டு கோடிக்கும் திருப்பிப் பார்த்துத்தான் வண்டியை எடுக்கவிட்டேன். போன வாரம் அவர் வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன், எனக்கு அப்போதும் கை தூக்கினாற்போலத்தான் இருந்தது. அவர் உட்கார்ந்தால் முழங்கை அழகாக மடங்குகிறது.